எதிரொலியும் ஒரு சொல்லே
ஆட்டிசம் உடையோரின் புகைப்படங்களைப் பார்ப்பது குறித்துச் சில எண்ணங்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டு சூன் மாதத்தில் தமது 89ஆம் வயதில் மறைந்தவர் டொனால்டு டிரிப்லெட். 1943இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தைநல மனநோய் மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என அழைக்கும் நிலையைத் தனித்து அடையாளம் காட்டிய கட்டுரை அது. அந்த 11 பேருள் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவனே இந்த டிரிப்லெட். மூன்று வயதில் இவரை ஒரு காப்பகத்தில் சேர்க்கும்படி மருத்துவர்கள் சொன்னார்கள். பெற்றோரும் சேர்த்தார்கள், ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் இவர் கல்லூரியில் பட்டம் பெற்றார், வங்கியில் பணிபுரிந்தார், கோல்ஃப் ஆடக் கற்றார், கார் ஓட்டினார். இவை யாவும் பலரும் எடுத்துச் சொல்பவை. அவ்வளவாகக் கவனிக்கப்படாத இன்னொரு செய்தி உண்டு: அவர் புகைப்படங்கள் எடுத்தார்.

ஜான் டான்வன், கேரன் சக்கர் என்னும் இதழாளர் இருவர் 2010இல் 'தி அட்லாண்டிக்' இதழில் இவரைப் பற்றி எழுதினர். அதுவரை டிரிப்லெட் 36 அயல்நாடுகளுக்கும் 28 அமெரிக்க மாநிலங்களுக்கும் சென்று வந்திருந்தார். எகிப்துக்கு 3 முறை, இஸ்தான்புல் நகருக்கு 5 முறை, ஹவாய்த் தீவுகளுக்கு 17 முறை. பெரும்பாலான பயணங்கள் ஆறு நாள்களுக்கு மேல் நீடிப்பதில்லை. வழியில் சந்தித்தவர்களோடு பிறகு தொடர்பு வைத்துக்கொள்வதும் இல்லை. பின் எதற்காகப் போனார்? தாம் முன்னரே படங்களில் கண்டிருந்த இடங்களுக்கு நேரில் சென்று, அவற்றைத் தம் காமிராவால் தாமே படமெடுத்துக்கொண்டு, வீடு திரும்பியதும் ஆல்பங்களில் ஒழுங்குற ஒட்டி வைப்பதற்காக. ஓர் ஆல்பம் முடிந்தவுடன் அடுத்த பயணத்திற்கான திட்டம் தொடங்கிவிடும்.

இதைக் கேட்டவுடன் எழக்கூடிய ஐயம் ஒன்று உண்டு. ஏற்கெனவே பிறர் எடுத்த படத்தையே மீண்டும் எடுப்பதில் தன்வெளிப்பாடு எங்கே இருக்கிறது? புதிதாக ஒன்றைச் சொல்வதல்லவா கலை? இது நகல் எடுப்பது போல்தானே ஆகும்? நியாயமான ஐயமே. ஆனால் அதற்கு விடை தேடிப் போனால், ஆட்டிசம் உடையோரின் படங்களை மட்டுமன்றி, படம் என்பதையே நாம் பார்க்கும் முறையை மீள எண்ணிப் பார்க்க நேரும்.

திரும்பச் சொல்லுதல்

ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலரிடம் காணப்படும் ஒரு பழக்கம், கேட்ட சொல்லை அப்படியே திருப்பிச் சொல்லுதல். "பால் வேண்டுமா?" என்று தாய் கேட்டால், குழந்தை "பால் வேண்டுமா?" என்றே விடை தரும். மருத்துவ நூல்கள் இதற்குத் தந்த பெயர் கிரேக்கத்தின் எதிரொலித் தேவதையான எக்கோவை நினைவூட்டுவது. நெடுங்காலம் இது பொருளற்ற ஒலிப்பு எனக் கருதப்பட்டது. நிறுத்தப்பட வேண்டிய குறையாகவும் எண்ணப்பட்டது.

ஆனால் கானரே தம் முதற் கட்டுரையில் டிரிப்லெட்டைப் பற்றிய சிறு செய்தி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். 'ஆம்' என்று சொன்னால் தோள்மேல் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று தந்தை சொல்லி, அந்தச் சொல்லைச் சிறுவனுக்குக் கற்பித்தார். அன்றுமுதல் 'ஆம்' என்றால் அவனுக்கு 'என்னைத் தோள்மேல் தூக்கு' என்று பொருள். கேட்பவருக்கு அது தொடர்பில்லாத உளறல். சொல்பவனுக்கோ தந்தையின் தோளும் உயரமும் ஒரே அசையில் அடங்கிய சொல். 1946இல் கானர் இதையே விரித்து இன்னொரு கட்டுரை எழுதினார். பொருத்தமற்றவையாகத் தோன்றும் இக்குழந்தைகளின் பேச்சுகள், அவை முதலில் எங்கே பிறந்தன என்று அறிந்தால் பொருளுடையவை ஆகின்றன என்பது அதன் சாரம். 1980களில் பேரி பிரைசண்ட் முதலிய மொழி அறிஞர்கள், திருப்பிச் சொல்லுதல் பல வேலைகளைச் செய்கிறது என்று எடுத்துக்காட்டினர். அதனால் குழந்தை உரையாடலில் தன் முறையை நிறைவேற்றுகிறது, ஒன்றை வேண்டுகிறது, 'ஆம்' என்கிறது, தனக்குத் தானே ஒன்றை நிலைநிறுத்திக்கொள்கிறது.

திரும்பச் சொல்வதைக் குறை என்று கருதும் உரிமை தமிழ் வாசகருக்குக் குறைவு. நம் தாலாட்டு திரும்பத் திரும்ப வருகிறது, ஒப்பாரியும் அப்படியே. பாடகர் பல்லவியின் ஒரே அடியைச் சங்கதி சங்கதியாகப் பாடும்போது, "முன்பே பாடியாயிற்றே" என்று எவரும் எழுந்து போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த அடி பாடுபவருக்கு இன்னும் சற்று உரியதாகிறது என்பதை நாம் அறிவோம்.

இனி டிரிப்லெட்டின் ஆல்பத்துக்கு வருவோம். அச்சிட்ட படத்தில் இருந்த பிரமிடு எல்லாருக்கும் பொதுவானது. அதே பிரமிடைத் தம் காமிராவின் வழியாகப் பார்த்து அவர் பொத்தானை அழுத்தும்போது, அது "நான் இங்கே நின்றேன்" என்னும் வாக்கியமாகிறது. இங்கே ஒரு நுண்மை உண்டு. சிறுவயதில் 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்பவராகவே கானர் இவரைக் குறித்திருக்கிறார். 'நான்' என்னும் சொல் அத்துணை எளிதில் வாய்க்காத ஒருவருக்கு, நின்ற இடத்தைக் காட்டும் படம் ஒரு தன்மை இடப்பெயராக அமைந்திருக்கலாம். இது என் வாசிப்பு, அவர் சொன்னதன்று. ஆயினும் அந்த ஆல்பங்களை நகல் என்று ஒதுக்குவதைக் காட்டிலும் இவ்வாசிப்பு அவற்றுக்கு நெருக்கமானது என்று துணிகிறேன்.

காமிரா யார் கையில்?

இதே எதிரொலியைத் தலைப்பில் தாங்கி 2010இல் ஒரு புகைப்பட நூல் வெளியாயிற்று. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டிமோத்தி ஆர்ச்சிபால்ட் என்னும் தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் வெளியிட்ட 'எக்கோலிலியா' அது. ஆட்டிசம் உடைய தம் மூத்த மகனை அவர் படமெடுக்கத் தொடங்கியபோது சிறுவனுக்கு வயது ஐந்து. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் சிறுவன் உடலை மடக்கி அடங்கியிருக்கும் படம் அந்நூலில் பலரும் அறிந்தது. வீட்டுப் பொருள்களோடு சிறுவன் தானே கண்டுபிடித்த விளையாட்டுகளும் நிலைகளும் நூலெங்கும் வருகின்றன. அவன் செய்த பொருள்களும் கிறுக்கிய தாள்களும் படங்களுக்கிடையே இடம்பெறுகின்றன.

இந்நூலின் சிறப்பு அது பிறந்த முறையில் இருக்கிறது. சிறுவன் ஏதோ செய்வான், தந்தை படமெடுப்பார், காமிராவின் பின்புறத் திரையில் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள், பின் மாற்றி எடுப்பார்கள். கேள்விக்கு விடை வாராத வீட்டில் படம் ஓர் உரையாடலாயிற்று. தந்தை மகனைத் தம் மொழிக்குள் இழுக்காமல், மகனுடைய விளையாட்டின் விதிக்குள் தாம் நுழைந்தார். கலை என்ற அளவில் இப்படங்கள் உயர்ந்தவை. ஒளியும் அமைப்பும் தேர்ந்த கையைக் காட்டுகின்றன.

ஆயினும் திறனாய்வாளன் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. நிலை மகனுடையது, சட்டம் தந்தையுடையது. எந்தப் படம் நூலில் சேர வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவர் தந்தை. ஐந்து வயதுக் குழந்தை, தன் உடல் உலகின் கண்முன் வைக்கப்படுவதற்கு இசைவு தந்தது என்று சொல்வது எளிதன்று. பெட்டிக்குள் மடங்கிய சிறுவனைக் காணும் நமக்கு, 'தனக்குள் அடைபட்ட குழந்தை' என்னும் பழைய உருவகமே முதலில் தோன்றுகிறது. சிறுவனுக்கோ அது உடலை இறுக அணைத்துக்கொள்ளும் இன்பமான இடமாக இருந்திருக்கலாம். ஒரே படம், இரு பொருள். பெட்டிக்குள் இருந்து அவன் எடுத்திருக்கக்கூடிய படம் நூலில் இல்லை. அன்பில் பிறந்த நல்ல நூலுக்கும் இந்த எல்லை உண்டு. அதைச் சொல்வது நூலைக் குறைப்பதாகாது. அடுத்த படி எது என்று காட்டுவதாகும்.

அந்தப் படியை 2016இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் அடால்ஃப்ஸ் முதலிய ஆய்வாளர்கள் எடுத்தனர். ஆட்டிசம் உடைய பெரியவர்களிடமும் மற்றவர்களிடமும் காமிராவைக் கொடுத்து, மனிதர்களையும் அறைகளையும் வெளியிடங்களையும் விரும்பியபடி படமெடுக்கச் சொன்னார்கள். 'கரண்ட் பயாலஜி' என்னும் அறிவியல் இதழில் முடிவுகள் வெளியாயின. ஆட்டிசம் உடையோர் எடுத்த படங்கள் வேறுபட்டிருந்தன: கோணங்கள் வழக்கத்துக்கு மாறானவை, மனிதர்கள் காமிராவை நோக்கிச் சிரித்து நிற்பது குறைவு, முகம் திரும்பிய, முதுகு காட்டிய உருவங்கள் மிகுதி.

இவ்வாய்வின் பெருந்தன்மை, ஆட்டிசம் உடையவரைப் பார்ப்பதை விட்டு அவர் பார்ப்பதைப் பார்க்க முனைந்ததில் உள்ளது. அதன் குறை அதன் சொல்லாட்சியில் உள்ளது. 'இயல்புக்கு மாறான' என்ற சொல் அளவுகோலை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. எதிரே நின்று முகத்தை நடுவில் வைத்துச் சிரிக்கச் சொல்லி எடுக்கும் படமே இயல்பு என்றால், புகைப்படக் கலையின் நல்ல படங்களில் பாதியை இயல்புக்கு மாறானவை என்று ஒதுக்க வேண்டிவரும். கல்யாண வீட்டுக் குழுப்படத்தைக் கலையின் அளவுகோலாக எந்தத் திறனாய்வாளனும் ஏற்க மாட்டான்.

முகமும் நிலமும்

முகத்தில்தான் மனிதர் வெளிப்படுகிறார் என்பது பரவலான நம்பிக்கை. ஆட்டிசம் உடையோர் பலருக்குப் பிறர் கண்களை நேருக்கு நேர் நோக்குவது கடினம். சிலருக்கு வேதனையும் தருவது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் அமி கிளின் முதலியோர், 1966இல் வெளியான ஒரு ஹாலிவுட் நாடகப் படத்தின் காட்சிகளைக் காட்டி, பார்வையாளரின் கண் எங்கே செல்கிறது என்று கருவி கொண்டு அளந்தனர். ஆட்டிசம் உடைய இளைஞர்கள் கண்களைக் குறைவாகவும், வாயையும் உடலையும் பொருள்களையும் மிகுதியாகவும் நோக்கினர். அவர்களுள் வாயை மிகுதியாக நோக்கியவர்கள் சமூக வாழ்வில் ஒப்பளவில் நன்கு இயங்கினர் என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. கண்ணை விட்டு வாயைப் பார்ப்பது கவனக்குறைவு ஆகாது. சொல்லைப் பற்றிக்கொண்டு புரிந்துகொள்ள முயலும் உழைப்பு என்றே அதை விளக்கத் தோன்றுகிறது.

இந்நிலையில் காமிரா என்ன செய்கிறது? அது கண்ணுக்கும் எதிரில் உள்ளவரின் கண்ணுக்கும் நடுவே ஒரு மெல்லிய திரையாகிறது. நாற்புறமும் பாயும் ஒளியையும் அசைவையும் ஒரு சிறு சட்டத்துக்குள் அடக்குகிறது. ஓடும் கணத்தை நிறுத்தி, வேண்டியமட்டும் பிறகு பார்க்கலாம் என்கிறது. கூட்டத்தில் "நீ ஏன் ஒதுங்கி நிற்கிறாய்?" என்று கேட்கப்படுபவருக்கு ஒதுங்கி நிற்க ஒரு பணியைத் தருகிறது. பேச்சைத் தொடங்க இயலாதவர் கையில் காட்டுவதற்கு ஒன்றை வைக்கிறது. இவற்றுள் எதுவும் மந்திரமன்று. காமிராவை எல்லாரும் விரும்புவர் என்பதும் இல்லை. அதன் ஒலியும் மின்னொளியும் சிலருக்குப் பகை. ஆனால் பொருந்தியவருக்கு இது எத்துணை பெரிய உதவி என்று எண்ணிப் பார்க்கலாம்.

முகம் இல்லாமல் உணர்வு எவ்வாறு வெளிப்படும் என்று கேட்பவர் நம் அகப்பாடல் மரபை நினைக்க வேண்டும். அங்கே தலைவிக்கோ தலைவனுக்கோ பெயர் சுட்டுவதில்லை. முதற்பொருளும் கருப்பொருளும் நின்று உரிப்பொருளை உணர்த்துகின்றன. பறவையும் பொழுதும் நீர்த்துறையும் சொல்லாததைச் சொல்லும் உள்ளுறையும் இறைச்சியும் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். முதுகு காட்டி நிற்கும் மனிதரையும் வெறும் சுவரையும் குழாயில் சொட்டும் நீரையும் ஒருவர் படமெடுத்துக் காட்டும்போது, "இதில் ஒன்றும் இல்லையே" என்று சொல்வதற்கு அந்த மரபின் பிள்ளைகளாகிய நாமே கடைசியாக முன்வர வேண்டும்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

தன்னம்பிக்கை என்ற சொல்லைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். ஆட்டிசம் உடைய ஒருவர் மற்றவர்போல் நடந்துகொள்ளக் கற்றுவிட்டால் 'நம்பிக்கை வந்துவிட்டது' என்று சொல்லும் வழக்கம் உண்டு. அது பெரும்பாலும் முகமூடி அணியும் திறமை. அதற்கு விலை உண்டு. அணிந்தவர் அதைக் களைப்பாலும் தனிமையாலும் செலுத்துகிறார். தன் பார்வையைத் தானே நம்புவது வேறு வகை நம்பிக்கை.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை இங்கிலாந்தின் கிரிஸ் பாக்கம் வாழ்வில் காணலாம். 1961இல் பிறந்த இவர் விலங்கியல் பயின்றார். காட்டுயிர்ப் படப்பிடிப்பில் பயிற்சி பெற்றார். புகைப்படக் கலைஞராகவும் அறியப்பட்டார். 1986 முதல் 1995 வரை பிபிசியின் குழந்தைகளுக்கான இயற்கை நிகழ்ச்சியில் தோன்றி நாடறிந்த முகமானார். அவருக்கு ஆஸ்பெர்கர் நிலை உண்டென்று 2005இல்தான், நாற்பது வயது கடந்த பின், மருத்துவர்கள் உறுதி செய்தனர். அதுவரை பிறர் கண்ணுக்கு இயல்பானவராகத் தோன்றுவதைக் கற்றுப் பழகியே வாழ்ந்தவர் அவர். 2017இல் தம்மைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றில் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினார். இந்நிலையைப் போக்கும் மருந்து கிடைத்தால் ஏற்பீர்களா என்ற கேள்விக்கு அவர் வந்தடைந்த விடை, இல்லை என்பதே. ஒரு பூச்சியின் சிறகையும் ஓர் இறகின் வரியையும் மணிக்கணக்கில் நோக்கவல்ல அந்தப் பார்வையைத் தம் வாழ்விலிருந்து பிரித்தெடுக்க இயலாது என்பதை அவர் அறிவார்.

2023இல் அவர் இன்னோர் அடி வைத்தார். ஆட்டிசம் உடைய சிலர், தம் உள்ளத்தில் நிகழ்வதைத் தம் குடும்பத்தாருக்கும் நண்பருக்கும் காட்டும் குறும்படங்களைத் திரைத்துறையினர் துணையுடன் உருவாக்க உதவும் ஒரு தொலைக்காட்சித் தொடரை வழங்கினார். பேச்சு இல்லாத ஓர் இளைஞரும் அவர்களுள் ஒருவர். உடன் வாழ்ந்த பெற்றோரே படம் பார்த்து அதுவரை அறியாததை அறிந்தனர். இங்கே படத்தின் பொருளை முடிவு செய்தவர், அதுவரை பிறரால் படமெடுக்கப்பட்டே வந்தவர். 'எக்கோலிலியா' எழுப்பிய கேள்விக்கு இது முழு விடை ஆகாவிட்டாலும், சரியான திசையில் அமைந்த விடை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆட்டிசம் உடைய ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறார் என்ற கதையைத் திரைப்படங்கள் பரப்பிவிட்டன. அது வெளிப்பார்வைக்குப் புகழ்ச்சி. உள்ளே ஒரு சுமை. மேதை ஆகாதவரின் படத்தை யார் பார்ப்பார்? மங்கலான, சாய்ந்த, ஒரே கதவை நாற்பது முறை எடுத்த படங்களைப் பரிசுக்கு அனுப்ப முடியாது. ஆனால் டிரிப்லெட்டின் ஆல்பங்கள் பரிசுக்காகவா ஒட்டப்பட்டன? தன்வெளிப்பாட்டுக்கு உரிமை பெறத் திறமை ஒரு முன்நிபந்தனை என்று எங்கும் எழுதப்படவில்லை. நாம் எல்லாரும் திறமை இருப்பதால் பேசவில்லை. பேச வேண்டியிருப்பதால் பேசுகிறோம்.

மற்றோர் எச்சரிக்கை இரக்கத்தைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகளின் கண்காட்சிக்குச் சென்று, "பாவம், இந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு வருகிறதே!" என்று வியந்து, ஒரு படத்தின் முன் அரை நிமிடம்கூட நிற்காமல் நகர்வோர் உண்டு. பாராட்டு வழங்கப்பட்டுவிட்டது, பார்வை வழங்கப்படவில்லை. கலைஞனுக்குச் செய்யக்கூடிய அவமதிப்புகளுள் இது மெல்லியது. அதனாலேயே எளிதில் கண்ணில் படாதது. "ஏன் இந்தக் கோணம்? ஏன் இதை மீண்டும் எடுத்தாய்?" என்று கேட்பவர்தாம் அந்தப் பிள்ளையைக் கலைஞனாக நடத்துகிறார். விடை உடனே வாராமல் போகலாம். அடுத்த படமாக வரலாம்.

நம் மொழியில் இந்நிலைக்கு 'மதியிறுக்கம்' என்று ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். ஆட்டிசம் என்ற சொல்லோ 'தான்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று இறுகிப் போனதைக் குறிக்கிறது. மற்றொன்று தனக்குள் இருப்பதைக் குறிக்கிறது. இரண்டும் வெளியே நிற்பவர் இட்ட பெயர்களே. உள்ளே இருப்பவர் எடுத்த படங்கள் இப்போது நம் முன் இருக்கின்றன. அவற்றில் இறுகிய மதி எதையும் நான் காணவில்லை. ஒன்றைப் பார்த்து, அதையே மீண்டும் சென்று பார்த்து, "இது உண்மையிலேயே இருக்கிறது, நானும் இருக்கிறேன்" என்று உறுதி செய்துகொள்ளும் கண்ணைக் காண்கிறேன். ஃபாரஸ்ட் என்னும் அச்சிற்றூரில் ஒருவர் பக்கம் பக்கமாக ஒட்டி வைத்த படங்கள் சொன்னதும் அதுவே. நம் வீட்டில், நம் தெருவில், ஒரு பிள்ளை ஒரே சுவரின் படத்தைப் பத்தாம் முறையாக நம்மிடம் நீட்டினால், ஒன்பது முறை பார்த்தாயிற்று என்று முகம் திருப்ப வேண்டா. பத்தாம் படத்தைக் கையில் வாங்கி, முதற்படத்துக்கு அருகில் வைத்து, எங்கே வேறுபடுகிறது என்று தேடிப் பார்ப்போம்.